காலை ஐந்தரைக்கு விடியும் ஊர்

ஜனவரி 3, 2025, வெள்ளி

கம்பெனியில் கொடுத்த புது டைரி. போன வருஷத்து டைரியில் பால் கணக்கையும் கேஸ் சிலிண்டர் தேதியையும் தவிர எதுவும் இல்லை. இந்த வருஷம் வேறொரு கணக்கை எழுதப் போகிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் போகிறது என்பதை ஒளிக்காமல் எழுதி வைப்பதாக நேற்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "எழுதுங்க. எனக்குக் காட்ட வேண்டாம், நீங்க திருப்பிப் படிச்சாப் போதும்" என்றாள்.

இன்று: காலை 4.40 முதல் 6.50 வரை. இரவு 9.30 முதல் 12.15 வரை. மொத்தம் 4 மணி 55 நிமிடம்.

இவ்வளவு சீக்கிரம் எழக் காரணம் இருக்கிறது. ஆட்டத்துக்குள் இருக்கும் ஊருக்கு நாள் மாறுவது கிரீன்விச் நள்ளிரவில். நமக்கு அது காலை ஐந்தரை. அன்றாடம் முடிக்க வேண்டிய 'டெய்லி' வேலைகள் ஒன்பது. ஐந்தரைக்கு முன்னால் பழைய பட்டியலை முடிக்க வேண்டும். ஐந்தரை அடித்ததும் புதுப் பட்டியல் வரும். ஒன்றை விட்டாலும் அன்றைக்குரிய காசு போனது போனதுதான், மறுநாள் சேர்த்துச் செய்ய முடியாது.

நான் எழும்போது அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். மார்கழி என்றால் நாலரைக்கே எழுந்துவிடுவார். என் அறையில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்று, "இந்தக் குளிர்ல உனக்கு அப்படி என்ன சாமி வேலை?" என்று கேட்டார். "வேலைதாம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. பொய் சொல்கிறோம் என்ற உறுத்தலே வரவில்லை. நிஜமாகவே வேலை செய்கிறவனைப் போலத்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று: 6 மணி 20 நிமிடம்.

அதில் மூன்றே முக்கால் மணி நேரம் இரும்புத் தாது வெட்டினேன். எப்படி என்று எழுதி வைக்கிறேன். அருவிக்கரையில் கருத்த பாறை ஒன்று. அதன்மேல் ஒரு கிளிக். நாலு விநாடியில் ஒரு கல் பையில் விழும். பையில் முப்பது கல் பிடிக்கும். நிறைந்ததும் மேட்டுக்கு நடக்க வேண்டும், உலையில் கொட்டி உருக்க வேண்டும், திரும்ப இறங்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் 10 விநாடி. இன்று 71 சுற்று.

இதற்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிரைண்ட்'. கோயம்புத்தூர்க்காரனுக்கு கிரைண்டர் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசியும் உளுந்தும் போட்டால் மாவு வரும், மறுநாள் இட்லி வரும். இங்கே அரைப்பது நேரத்தை.

இதை விளையாடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. சோம்பேறிகள் இரண்டாம் நாளே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த ஊரில் நிலைத்திருப்பவர்கள் எல்லாரும் பொறுமைசாலிகள், நேரம் தவறாதவர்கள், சொன்ன வேலையை முடிக்காமல் எழ மாட்டாதவர்கள். நல்ல ஆசாரியிடமோ லேத்துப் பட்டறையிலோ சேர்ந்திருந்தால் பெயர் வாங்கியிருப்பார்கள். மனிதனின் சுறுசுறுப்பைத்தான் இந்த ஆட்டம் தின்கிறது. அதனால்தான் உள்ளே இருப்பவனுக்குத் தப்பு செய்கிற எண்ணமே வருவதில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

இன்று: 4 மணி 30 நிமிடம்.

லெவல் 92 வந்துவிட்டது. ஆட்டத்தில் நான் இருக்கும் குழுவான கில்டில் எல்லாரும் வாழ்த்தினார்கள். நூறுதான் உச்சம் என்பதால் இன்னும் எட்டு லெவல் என்று மனசுக்குள் ஒரு நிறைவு.

மதியச் சாப்பாட்டின்போது டிசைன் பிரிவில் பக்கத்து சீட்காரரிடம் சொன்னேன். அவர் கல்லூரி நாட்களில் ரூன்ஸ்கேப் ஆடியவர். 2001இல் இங்கிலாந்தில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து வெளியிட்ட ஆட்டம் அது. "எங்க ஆட்டத்துல உச்சம் 99. அதுக்கு 1,30,34,431 புள்ளி வேணும். அதுல சரிபாதி எந்த லெவல்ல முடியும்னு நெனைக்கறீங்க?" என்றார். ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும் என்றேன். "தொண்ணூத்தி ரெண்டு" என்றார். ஒன்றிலிருந்து 92 வரை ஏறுவதற்கு ஆகிற உழைப்பு, மீதி ஏழு லெவலுக்கும் மறுபடி ஆகுமாம்.

சீட்டுக்கு வந்து என் ஆட்டத்தின் புள்ளி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். எண்கள் வேறு, வளைவு அதேதான். நான் மலை உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாக நினைத்தேன். பாதி வழியில் நிற்கிறேன். லெவல் எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டி, பாக்கித் தூரத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் பத்து நிமிஷத்துக்கு ஒரு லெவல் கொடுத்தார்கள். இப்போது ஒரு லெவலுக்கு ஒரு மாசம் ஆகிறது. முதல் நாள் கிடைத்த ருசிக்காக இத்தனை மாசங்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

இன்று: 4 மணி 10 நிமிடம்.

எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். காலை பதினொரு மணிக்கு மெஷின் ஷாப்பிலிருந்து லேத் ஆப்பரேட்டர் என் வரைபடத்தோடு மேலே வந்தார். முப்பது வருஷ அனுபவக்காரர். 25 மி.மீ. பம்ப் ஷாஃப்ட். பேரிங் உட்காரும் இடத்துக்கு அளவின் விலக்கம் பிளஸ் 0.015, பிளஸ் 0.002 என்று இருக்க வேண்டும். நான் இரண்டுக்கும் மைனஸ் போட்டிருந்தேன். அப்படியே கடைந்திருந்தால் பேரிங் பிடிப்பில்லாமல் ஷாஃப்ட்டின் மேலேயே சுழன்று, ஷாஃப்ட்டைத் தின்றிருக்கும். ஏதோ ஒரு தோட்டத்தில் தண்ணீர் பாய்கிற நேரம் பம்ப் நின்றுபோயிருக்கும்.

"மைனஸா இருக்குதுங்களே, நீங்க இப்படிப் போட மாட்டீங்களேன்னு கேக்க வந்தனுங்க" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பதினோரு வருஷமாக வரைகிறேன், இப்படி ஒரு தப்பு வந்ததில்லை. ராத்திரி நாலரை மணி நேரத் தூக்கத்தோடு ஒரு மாசமாக ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பதை இங்கே மட்டும்தான் ஒப்புக்கொள்ள முடிகிறது. வலது மணிக்கட்டில் வேறு வலி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காலையில் மரத்துப்போய் இருக்கின்றன.

ஜனவரி 10, வெள்ளி

இன்று: 5 மணி 40 நிமிடம்.

வைகுண்ட ஏகாதசி. காரமடை அரங்கநாதர் கோயிலுக்கு சொர்க்கவாசல் பார்க்கக் கூட்டிப்போகும்படி அம்மா போன வாரமே கேட்டிருந்தார். சரி என்று சொல்லியிருந்தேன். கவுண்டம்பாளையத்திலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் முக்கால் மணி நேரம்தான்.

ஆனால் ஆட்டத்தில் இன்று ஐந்தரைக்குத் திருவிழா ஆரம்பம். ஏழு நாள் தொடர்ந்து வந்து போகிறவர்களுக்கு வெள்ளை யானை வாகனம். ஒரு நாள் விட்டாலும் கிடையாது. முதல் நாள் கில்டோடு சேர்ந்து இறங்கவும் வேண்டும். நாற்பது பேர் காத்திருப்பார்கள். நேற்று ராத்திரி அம்மாவிடம், "ஆபீஸ்ல அவசர வேலை வந்துருச்சும்மா" என்றேன். "பரவால்ல கண்ணு, பக்கத்து வீட்டுக்காரங்க வேன்ல போறாங்க, ஒட்டிக்கறேன்" என்றார்.

மூன்று மணிக்கு வேன் வந்தது. அம்மா குளித்து, மஞ்சள் சேலை கட்டி, ஈரத் தலையை முடிந்துகொண்டு, வேனின் கடைசி சீட்டில் கால் மடக்க இடமில்லாமல் உட்கார்ந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவருக்கு முட்டி வலி உண்டு. வேன் தெரு முனை திரும்பும்வரை நின்றேன். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.

பத்து மணிக்கு அம்மா திரும்பி வந்து துளசியும் குங்குமமும் கொடுத்தார். கூட்டத்தில் கதவு திறந்ததைப் பார்க்க முடியவில்லையாம். "உசரமானவங்க முன்னால நின்னுட்டாங்க. கோவிந்தா கோவிந்தான்னு சத்தம் கேட்டுச்சு, அதே போதும்" என்றார். நான் கூட இருந்திருந்தால் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தியிருப்பேன்.

ஜனவரி 11, சனி

இன்று: 5 மணி.

பொங்கலுக்கு மச்சினன் வந்திருக்கிறான். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறான். ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்கிறேன் என்று கேட்டான். நீலச் சுடர் வாளைப் பற்றிச் சொன்னேன். பனிக்குகை அரக்கனைக் கொன்றால் ஐயாயிரத்தில் ஒரு தடவை விழும். நான் இதுவரை 6,240 தடவை கொன்றுவிட்டேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றரை நிமிஷம். கூட்டிப் பார்த்தால் 156 மணி நேரம்.

"ஐயாயிரம் தாண்டியாச்சே, இனி எந்த நேரமும் விழுந்துரும்" என்றேன்.

அவன் செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். நூறு பேர் ஆளுக்கு ஐயாயிரம் தடவை கொன்றாலும் ஏறக்குறைய 37 பேருக்கு வாள் கிடைக்காது. என்னைப் போல 6,240 வரை போனவர்களில் 29 பேர் வெறுங்கையோடுதான் இருப்பார்கள். பத்தாயிரம் வரை போனாலும் 13 பேருக்கு மேல் மிஞ்சுவார்கள்.

"இனி எனக்கு எத்தனை தடவை ஆகும்?"

"சராசரியா இன்னும் ஐயாயிரம்."

"ஏற்கெனவே ஆறாயிரம் போட்டிருக்கேனேடா."

"அது ஆட்டத்துக்குத் தெரியாது மாமா. ஒவ்வொரு தடவையும் உங்களைப் புது ஆளாத்தான் பாக்குது."

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து ஆராய்ந்ததைச் சொன்னான். எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்பது புறாவுக்குத் தெரியாதபடி வைத்தபோதுதான் அது ஓயாமல், சீராகக் கொத்திக்கொண்டே இருந்ததாம். 1957இல் புத்தகமாகவே வந்துவிட்ட விஷயம். நான் பிறப்பதற்கு முன்னாலேயே தெரிந்த விஷயம்.

அவன் தூங்கப் போன பிறகும் அந்த வாக்கியம் காதில் நின்றது. ஆட்டத்துக்குத் தெரியாது.

ஜனவரி 13, திங்கள், போகி

இன்று: 3 மணி 15 நிமிடம்.

சாயங்காலம் காப்புக் கட்ட வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பறிக்க மகள் பாப்பாவோடு போனேன். பூளைப்பூ அவள் கைக்கு மெத்தென்று இருந்ததாம், வழியெல்லாம் கன்னத்தில் தேய்த்துக்கொண்டே வந்தாள். மூன்றையும் சேர்த்துக் கட்டி நிலைவாசலில் செருகினோம். ஒரு மணி நேரம் செல்போனைத் தொடவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ராத்திரி, இத்தனை வருஷம் போடத் துணியாத ஒரு கட்டளையை ஆட்டத்தில் போட்டுப் பார்த்தேன். இந்தக் கணக்கில் மொத்தம் எவ்வளவு நேரம் ஆடியிருக்கிறேன் என்று அது சொல்லும்.

171 நாள் 8 மணி.

அதாவது 4,112 மணி நேரம். 2020 மே மாசம், ஊரடங்கில் ஆரம்பித்தது. சராசரியாக நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எட்டு மணி நேர ஷிப்டாகப் பிரித்தால் 514 நாள் சம்பளமில்லா வேலை. பாப்பாவுக்கு இப்போது எட்டு வயசு. நான் ஆரம்பித்தபோது மூன்றரை. அந்த வயசில் அவள் என்னென்ன பேசினாள் என்று யோசித்துப் பார்த்தேன். செல்போனில் இருக்கும் வீடியோக்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

இன்று: 1 மணி 20 நிமிடம்.

ஐந்து மணிக்கு உள்ளே போய் டெய்லியை முடித்துவிட்டு, வெள்ளை யானைக்கு இன்றைய வருகையையும் பதிந்துவிட்டு, ஆறு மணிக்கு வாசலுக்கு வந்தேன். அம்மா பதினைந்து புள்ளி வைத்து, எட்டு வரை ஊடுபுள்ளியில் பெரிய கோலம் போட்டு முடித்திருந்தார். ஓரத்தில் பாப்பா தனியாக ஒன்று. ஏழு புள்ளி, நாலு வரை ஊடுபுள்ளி, சிக்குக் கோலம்.

மார்கழி முதல் நாளில் அவள் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. மாவு ஒரு இடத்தில் குவியலாகக் கொட்டியது, ஒரு இடத்தில் கோடே விழவில்லை. மூன்று புள்ளிக்கு மூன்று தடவை அழித்தாள். 29 நாள் கழித்து இன்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு நூல் மாதிரி இறங்கியது. கை எடுக்காமல் புள்ளியைச் சுற்றி வளைத்து, ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து முடித்தாள். முடித்துவிட்டு விரலை நிக்கரில் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா அப்பத்தா, இடிக்கல!" என்றாள்.

அடுத்த அரை மணி நேரத்தில் பால்காரர் வண்டி அதன்மேல் ஏறிப் போனது. அம்மாவும் பாப்பாவும் கவலைப்படவில்லை. நாளைக்கு மறுபடி போடுவார்கள்.

பொங்கல் பானை முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் இதையே யோசித்தேன். நானும் தினமும் அதே வேலையைத்தான் செய்கிறேன், அம்மாவும் தினமும் அதே வேலையைத்தான் செய்கிறார். அம்மாவின் கோலம் அரை நாள்கூட நிற்பதில்லை, என் லெவல் அழிவதே இல்லை. அப்படியென்றால் எதில் குறை?

திரும்பத் திரும்பச் செய்வதில் தப்பே இல்லை. நாதஸ்வரக்காரர் சாதகம் பண்ணுவதும், அந்த லேத் ஆப்பரேட்டர் முப்பது வருஷம் கடைந்ததும் அதுதான். ஆனால் பாப்பாவின் நேற்றைய கை இன்றைய கைக்குள் இருக்கிறது. கோலம் அழிந்தாலும் அது தங்கிவிட்டது. ஆப்பரேட்டர் ஒரு மைனஸ் குறியைப் பார்த்ததும் படியேறி வந்ததற்குப் பின்னால் முப்பது வருஷ ஷாஃப்டுகள் இருக்கின்றன. நான் 6,240 தடவை கொன்றேன். 6,241ஆவது தடவை எனக்கு ஒரு கடுகளவும் எளிதாகப் போவதில்லை, நான் கெட்டிக்காரனாகவும் ஆகப் போவதில்லை. அந்த 92 என் கையில் இல்லை. எந்த நாட்டிலோ ஒரு சர்வரில் இருக்கிறது. சர்வரை அணைத்தால் போய்விடும். எனக்கு மிச்சம் இந்த மணிக்கட்டு வலி.

பானை பொங்கியது. பாப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

ஜனவரி 16, வியாழன்

இன்று: 40 நிமிடம். கடைசி நாள் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஏழாம் நாள் வருகை முடிந்தது. வெள்ளை யானை வந்தது. ஏறி ஊருக்குள் ஒரு சுற்றுப் போனேன். தெருவெல்லாம் வெள்ளை யானைகள். கில்டில் நெருக்கமான மணிலாக்காரர் எழுதினார்: மூன்று வருஷத்துக்கு முன்னால் இனிமேல் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லிக் கொடுத்த சிங்க வாகனம் போன மாசம் கடையில் விற்பனைக்கு வந்துவிட்டதாம். யானையும் அடுத்த வருஷம் வந்துவிடும் என்றார். நான் காரமடை வேனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விலகுகிறேன் என்று அவரிடம்தான் முதலில் சொன்னேன். இந்த ஊரை முழுக்கக் கெட்டது என்று எழுதினால் அது நன்றிகெட்டதனம். 2021 மே மாசம் கொரோனா வந்து பதினாலு நாள் மாடி அறையில் தனியாகக் கிடந்தபோது, மூச்சு வாங்குகிற ராத்திரிகளில் எனக்காக விழித்திருந்தது இவர்தான். ஆக்சிஜன் அளவை மணிக்கொரு தடவை கேட்பார். அந்த நட்பு நிஜம். ஆனால் அந்த நட்பையும் ஆட்டம் ஒரு பட்டியலுக்குள் வைத்திருந்தது. வாரத்தில் நாலு ராத்திரி வராவிட்டால் கில்டில் இடம் கிடையாது. நண்பர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கூட நின்று அரைக்க வேண்டும்.

கில்டின் தலைவருக்கு விலகல் செய்தி அனுப்பினேன். வாழ்த்துச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் என் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். மணிலாக்காரர் மட்டும் என் வாட்ஸ்அப் எண்ணைக் கேட்டார்.

ஜனவரி 18, சனி

இன்று: விளையாடவில்லை.

ஆனால் ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வந்தது. விரல் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஏதோ பாக்கி வைத்த மாதிரி ஒரு படபடப்பு.

எட்டு மணிக்கு ஆட்டத்திலிருந்து மின்னஞ்சல். நன்றாக ஓய்வெடுத்தீர்களாம், திரும்பி வந்தால் இரட்டைப் புள்ளி கொடுப்பார்களாம். இந்த 'ஓய்வு' கதையை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுகிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2004இல் வெளியாவதற்கு முந்தைய சோதனைக் காலத்தில், நீண்ட நேரம் ஆடினால் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்தார்கள். ஆடியவர்களுக்குக் கோபம். எண்களின் விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள். குறைந்த புள்ளிக்கு 'சாதாரணம்' என்று பெயர், கூடுதல் புள்ளிக்கு 'ஓய்வுப் பரிசு' என்று பெயர். எல்லாருக்கும் சந்தோஷம். அவ்வளவு நுணுக்கமாக நம் மனசைப் படித்திருக்கிறார்கள். இதை நான் ஒருவனாக உட்கார்ந்து மன உறுதியால் ஜெயித்துவிடலாம் என்று நாலரை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

இன்று: விளையாடவில்லை.

மணிக்கட்டைக் காட்ட டாக்டரிடம் போனேன். நரம்பு அழுந்துகிறது, ராத்திரியில் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், மவுஸைக் குறைக்க வேண்டும் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டார். டைரியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். மூன்று பக்கம் படித்தார்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறைச் சேர்த்திருப்பதாகவும், அந்தப் பட்டியல் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருப்பதாகவும் சொன்னார். நிறைய நேரம் ஆடுகிறவர்கள் எல்லாரும் அதில் வர மாட்டார்கள். ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் கைமீறிப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முதலிடத்துக்கு வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இந்த மூன்றும் வழக்கமாகப் பன்னிரண்டு மாசமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். "இதுக்குன்னு பெங்களூர் நிம்ஹான்ஸ்லயே 2014லிருந்து தனி கிளினிக் இருக்கு. வெக்கப்பட ஒண்ணுமில்லீங்க" என்றார்.

மூன்று கேள்விக்கும் என் பதிலை இந்த டைரியே சொல்லிவிட்டது: ஜனவரி 3, ஜனவரி 10, ஜனவரி 8. பேர் வைக்கிற வேலை டாக்டருடையது. உள்ளூரிலேயே ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை போகிறேன். மனைவியும் வருகிறேன் என்றாள்.

ஜனவரி 22, புதன்

இன்று: 50 நிமிடம்.

ஒளிக்காமல் எழுதுவதாகச் சொன்னேன், எழுதுகிறேன். எல்லாரும் தூங்கிய பிறகு உள்ளே போனேன். ஒரே ஒரு தடவை, வாள் விழுகிறதா பார்க்கலாம் என்று. 33 தடவை ஆயிற்று. விழவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் கதவோரம் நின்றிருந்தாள். எதுவும் சொல்லாமல் ஒரு சொம்புத் தண்ணீரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

கணக்கை நிரந்தரமாக அழிக்கும்படி விண்ணப்பம் போட்டேன். உறுதியா, உறுதியா என்று மூன்று தடவை கேட்டது. இழக்கப் போகிறவற்றின் பட்டியலைக் காட்டியது: லெவல் 92, வெள்ளை யானை, இருநூற்றுச் சொச்சம் பொருள்கள். முப்பது நாளுக்குள் மனம் மாறினால் திருப்பி எடுத்துக்கொள்ளலாமாம். அந்த முப்பது நாளைத்தான் தாண்டியாக வேண்டும். கடவுச்சொல்லை மாற்றும்படி மச்சினனிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

இன்று: விளையாடவில்லை.

ஏகாதசி. நாலரைக்கு எழுந்து அம்மாவிடம், "காரமடை போலாம்மா, கிளம்புங்க" என்றேன். "ஆபீஸ்?" என்றார். "அன்னைக்கும் ஆபீஸ் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல விளையாடிட்டு இருந்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "தெரியும் சாமி. ஜன்னல்ல தெரியுமல்ல" என்று சொல்லிவிட்டுச் சேலை எடுக்க உள்ளே போனார்.

பாப்பாவும் அவளும் வந்தார்கள். கூட்டமே இல்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பிராகாரம் சுற்றினார். தோள்மேல் அந்தக் கையின் கனம் வெகுநேரம் இருந்தது. சொர்க்கவாசல் முன்னால் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. பாப்பா, "இதை இப்போ திறக்கச் சொல்லுங்கப்பா" என்றாள். வருஷத்தில் ஒரு நாள்தான் திறக்கும் என்றேன்.

அம்மா கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது அடுத்த வைகுண்ட ஏகாதசிக்குத்தான். மாசியில தேர் இருக்குதல்ல, அதுக்குக் கூட்டிட்டு வா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டைரியில் மார்ச் 12 பக்கத்தைத் திருப்பினேன். மாசி மகம், காரமடைத் தேர், அம்மாவோடு, முன்வரிசை என்று எழுதி வைத்தேன்.